டைகர் வுட்ஸ் பழையபடி வருவாரா? கீழக்கரையில் கேட்ட கேள்விகள்

துபாயில் கோல்ஃப் மைதானங்களில் புல் வேலை பார்த்துவிட்டு 2020-ல் ஊர் திரும்பியவன் நான். விடியுமுன் புல் வெட்டுவது, மணல் குழியைக் கோரி விடுவது, கொடிக்குழியை இடம் மாற்றுவது என்று 17 வருஷம் ஓடியது. கீழக்கரை, பெரியபட்டினம், ஏர்வாடிப் பக்கம் என்னைப் போல கிளப்பிலும் ஹோட்டலிலும் இருந்து திரும்பியவர்கள் நிறைய. அஸர் தொழுகைக்குப் பிறகு ஜெட்டிப் பக்கம் உட்கார்ந்தால் பேச்சு எப்படியாவது அமெரிக்க கோல்ஃப் ஆட்டக்காரர் டைகர் வுட்ஸிடம் போய் நிற்கும். 2025 டிசம்பர் 30-ல் அவருக்கு 50 வயது ஆனதிலிருந்து இன்னும் அதிகம். ஆளுக்கு ஒரு வாட்ஸ்அப் குரல் பதிவு அனுப்பி அலுத்துப்போனதால், கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்வியைப் போட்டு எழுதிவிட்டேன் (எங்கள் பக்கம் 'காக்கா' என்றால் அண்ணன்). இனி கேட்பவர்களுக்கு இதைத்தான் அனுப்பப் போகிறேன்.

கோல்ஃப்னா சும்மா நடந்துக்கிட்டே தட்டுறதுதானே காக்கா? அதுல வயசு என்ன பண்ணும்?

மொத்தம் 18 குழி. ஒவ்வொரு குழியிலும் பந்தைப் போட எத்தனை அடி அடித்தீர்கள் என்று எண்ணுவார்கள். குறைவாக அடித்தவர் ஜெயித்தார். பெரிய போட்டி நான்கு நாள், அதாவது 72 குழி. இரண்டாம் நாள் முடிவில் பின்தங்கியவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், அதற்குக் 'கட்' என்று பெயர். இந்தச் சொல் கீழே அடிக்கடி வரும்.

நடைதான், ஆனால் கடற்கரையில் காற்று வாங்கும் நடை இல்லை. அமெரிக்காவில் மாஸ்டர்ஸ் என்ற பெரிய போட்டி நடக்கும் அகஸ்டா மைதானம் சுமார் 7,500 கஜம். நேர்கோட்டில் அளந்தாலே 7 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அதுவும் ஏற்றமும் இறக்கமுமான நிலம், டிவியில் பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது. அந்த நடைக்கு நடுவே, உடம்பை முறுக்கி மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் மட்டையைச் சுழற்ற வேண்டும். முதுகும் முட்டியும் தாங்கினால்தான் ஆட்டம்.

டைகர் அப்படி என்ன பெரிய ஆளு? கிரிக்கெட்ல சச்சின் மாதிரியா?

ஒப்பிட்டால் சண்டை வரும், எண்ணிக்கையை மட்டும் சொல்கிறேன். 1997-ல் 21 வயதில் மாஸ்டர்ஸை 12 அடி வித்தியாசத்தில் ஜெயித்தார். 2000-ல் பெப்பிள் பீச்சில் யு.எஸ். ஓப்பனை 15 அடி வித்தியாசத்தில் ஜெயித்தார். மாஸ்டர்ஸ், பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப், யு.எஸ். ஓப்பன், பிரிட்டிஷ் ஓப்பன் என்ற நான்கு பெரிய போட்டிகளுக்கு மேஜர் என்று பெயர். 2000, 2001 இரண்டு வருஷத்தில் அந்த நான்கு மேஜர் பட்டங்களையும் தொடர்ந்து கையில் வைத்திருந்தார். 142 போட்டிகள் தொடர்ச்சியாகக் 'கட்'டைத் தாண்டினார். மொத்தம் 683 வாரம் உலகின் முதல் இடம். மேஜர் 15, பி.ஜி.ஏ. டூர் (அமெரிக்காவின் முக்கியத் தொழில்முறைப் போட்டித் தொடர்) பட்டம் 82.

ஜெயிச்சா ஆதிக்கம்தானே? ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?

இதை ஒழுங்காகப் பிரித்துக்கொள்ளாததால்தான் ஜெட்டியில் பாதிச் சண்டை. தொண்டிப் பக்கம் பாய்மரப் படகுப் போட்டி பார்த்திருப்பீர்கள். ஒரு வருஷம் காற்று தோதாக அடித்து ஒரு படகு முதலில் வரும். அது ஜெயிப்பு. எந்தக் காற்று அடித்தாலும் வருஷா வருஷம் ஒரே படகு முதலில் வந்து, மற்றவர்கள் இரண்டாம் பரிசுக்காக மட்டுமே பாய் விரிக்கிறார்கள் என்றால் அதுதான் ஆதிக்கம்.

2000-ல் டைகர் 20 பி.ஜி.ஏ. டூர் போட்டிகளில் ஆடி 9-ல் ஜெயித்தார். நூறுக்கு மேற்பட்டவர்கள் மோதும் விளையாட்டில் பாதிக்குப் பாதி ஒரே ஆள். 2018, 2019 இரண்டு வருஷத்திலும் சேர்த்து அவர் ஜெயித்தது மூன்று. அந்த மூன்றுக்கும் நான் கைதட்டினேன். ஆனால் அது 2000 இல்லை.

அவருக்கு உடம்புல என்னதான் ஆச்சு? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க

எல்லாரும் சொல்வதும் உண்மைதான். அவ்வளவு ஆகியிருக்கிறது.

முதலில் இடது முட்டி. 2008 ஜூனில் யு.எஸ். ஓப்பன் ஆடியபோது முட்டியின் தசைநார் கிழிந்திருந்தது, கால் எலும்பில் கீறல் விழுந்திருந்தது. அந்தக் காலோடு நான்கு நாள் ஆடி, சமநிலையாகி, ஐந்தாம் நாள் இன்னொரு 18 குழி ஆடி, அதுவும் சமநிலையாகி, இன்னொரு குழியில்தான் ஜெயித்தார். மொத்தம் 91 குழி. பிறகு ஆபரேஷன், அந்த வருஷம் அத்தோடு முடிந்தது.

அடுத்தது முதுகு. 2014-ல் ஒரு ஆபரேஷன், 2015-ல் இரண்டு, 2017 ஏப்ரலில் நான்காவது. அந்த நான்காவதில் முதுகுத்தண்டின் அடிப்பகுதியில் இரண்டு எலும்பை ஒன்றாகச் சேர்த்தே விட்டார்கள். அந்த இடம் இனி வளையாது. வளையாத இடத்தின் வேலையையும் சேர்த்து மேலே உள்ள கணு செய்ய வேண்டும். வல்லப் படகில் ஒரு இடத்தில் இரும்புப் பட்டை போட்டு இறுக்கினால் அலை அடிக்கும்போது பக்கத்துப் பலகை வாயைப் பிளக்கும், பார்த்திருப்பீர்கள். 2020 டிசம்பரில் ஐந்தாவது ஆபரேஷன், 2024 செப்டம்பரில் ஆறாவது, 2025 அக்டோபரில் ஏழாவது. ஏழாவதில் முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள ஒரு வட்டையே (டிஸ்க்) மாற்றி வைத்தார்கள்.

நடுவே 2021 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் கார் உருண்டது. வலது கால் எலும்பு பல துண்டாகி வெளியே வந்துவிட்டது, உள்ளே கம்பி வைத்துச் சேர்த்தார்கள். காலையே எடுக்க வேண்டி வரலாம் என்ற நிலை இருந்ததாக அவரே பிறகு சொன்னார். 2023 ஏப்ரலில் அந்தக் காலின் கணுக்கால் மூட்டையும் ஒட்டிவிட்டார்கள். 2025 மார்ச்சில் இடது குதிகால் தசைநார் அறுந்தது, அதற்கும் ஆபரேஷன். ஒரு கால் இறுகிப்போனது, மறு கால் தைத்தது, நடுவே ஏழு முறை கீறிய முதுகு. இதை மனதில் வைத்துக்கொண்டு கீழே படியுங்கள்.

நீங்க துபாய்ல நேர்ல பார்த்தீங்களாமே? எப்படி இருந்தாரு?

போட்டி வாரத்தில் மற்ற மைதானங்களில் இருந்து எங்களைப் போன்ற ஆட்களையும் வேலைக்குக் கூப்பிடுவார்கள். அப்படித்தான் பார்த்தேன். 2008 துபாய் டெசர்ட் கிளாசிக் கடைசி நாள் பின்தங்கி இருந்தவர் 65 அடியில் முடித்து, கடைசிக் குழியிலும் பெர்டி போட்டு (நிர்ணயித்ததில் ஒன்று குறைவாக என்று அர்த்தம்) ஒரே அடியில் ஜெயித்தார். நாங்கள் கயிற்றுக்கு வெளியே மண்வெட்டியோடு நின்றோம். அவர் நடந்து வந்தபோது கூட்டம் தானாக வழிவிட்டது. முதுகு நேராக, அகலமாக எட்டுவைத்து வந்தார்.

2017-ல் அதே மைதானம். முதல் நாள் 77 அடி, ஒரு பெர்டிகூட இல்லை. எனக்கு ஸ்கோரைவிட அவர் நடந்த விதம்தான் நினைவில் இருக்கிறது. மணல் குழியில் இறங்கும்போது படகில் இருந்து பாறையில் கால் வைக்கிற மாதிரி பார்த்துப் பார்த்து வைத்தார். பக்கத்தில் நின்ற வேலையாள் ஒருவர், "நம்ம வாப்பா நடக்குற மாதிரி இருக்கு" என்றார். டைகருக்கு வயது அப்போது 41. மறுநாள் முதுகு பிடித்துக்கொண்டது என்று விலகிவிட்டார். இரண்டு மாதத்தில் அந்த நான்காவது ஆபரேஷன்.

2009-ல குடும்பப் பிரச்சினை வந்துச்சுல்ல, அதுலதான் விழுந்தாருன்னு எங்க மாமா சொல்றாரு

உங்கள் மாமா மட்டும் இல்லை, ஊரே சொல்கிறது. விழுந்தது உண்மை. ஆனால் எழுந்ததை யாரும் சொல்வதில்லை. 2012-ல் மூன்று போட்டி ஜெயித்தார். 2013-ல் ஐந்து ஜெயித்து, மறுபடி உலகின் முதல் இடத்துக்கு வந்து, 2014 மே வரை அங்கேயே இருந்தார். மேஜர் மட்டும் வரவில்லை. மனசுப் பிரச்சினை அவரை மூன்று வருஷம் இழுத்தது. கீழே இறக்கியது 2014-ல் தொடங்கிய முதுகு.

இன்னொரு விஷயம். பழைய ஆதிக்கத்துக்கு மிக அருகில் அவர் ஒருமுறை திரும்பி வந்துதான் இருக்கிறார் என்றால் அது 2013-ல்தான், 2019-ல் இல்லை. இதை நான் சொன்னால் ஜெட்டியில் யாரும் ஒத்துக்கொள்வதில்லை.

சரி, 2019 மாஸ்டர்ஸ் ஜெயிச்சாரே! நாலு ஆபரேஷனுக்கு அப்புறம். அது எப்படி நடந்துச்சு?

2017 கடைசியில் உலகத் தரவரிசையில் 1,199-வது இடத்தில் இருந்தவர், 2018 செப்டம்பரில் ஒரு போட்டி ஜெயித்தார், 2019 ஏப்ரல் 14 அன்று 43 வயதில் மாஸ்டர்ஸ் ஜெயித்தார். 11 வருஷம் கழித்து ஒரு மேஜர். அதற்கு முன் ஜெயித்த 14 மேஜரிலும் மூன்றாம் நாள் முடிவில் முன்னணியில் இருந்தார். பின்னால் இருந்து வந்து ஜெயித்தது இது ஒன்றுதான்.

அன்று ஆட்டம் திரும்பியது 12-வது குழியில். சின்னக் குழிதான், ஆனால் முன்னால் ஓடை, மேலே மரங்களுக்கு நடுவே சுழலும் காற்று. முன்னணியில் இருந்த மொலினாரி ஓடைக்குள் அடித்தார். அதே குழியில் கெப்காவும் பூல்ட்டரும் ஃபினாவும் தண்ணீரில் போட்டார்கள். டைகர் கொடியைப் பார்த்து அடிக்கவே இல்லை. புல்வெளியின் நடுப்பக்கம் பத்திரமாகப் போட்டுவிட்டு நடந்தார். கடைசியில் ஒரே அடியில் வெற்றி. கச்சான் காற்று சுழன்றடிக்கும் நாளில் பழைய தண்டல் (படகோட்டி) கரையோரமே படகைக் கொண்டுபோவார், சின்னப் பையன்கள் குறுக்கே விழுந்து ஓடி வலையை அறுத்துக்கொண்டு வருவார்கள். அந்த மாதிரி.

அப்ப அது அதிர்ஷ்டம்னுதானே அர்த்தம்? மத்தவன் தண்ணியில போட்டதாலதானே?

நால்வர் தண்ணீரில் போட்டது அவருக்கு வாய்ப்பு. அந்த இடத்தில் போடாமல் இருந்தது அவருடைய புத்தி. மூன்றரை நாள் ஆடி அந்த இடத்தில் நிற்கும் உடம்பு இருந்ததால்தான் புத்திக்கு வேலை வந்தது. இப்போது சந்தேகம் அந்த மூன்றரை நாளில்தான்.

நிக்லஸ் 46-ல, மிக்கல்சன் 50-ல மேஜர் ஜெயிச்சாங்களே அண்ணே, இவருக்கு மட்டும் ஏன் முடியாது?

நல்ல கேள்வி, மண்டபத்தில் இருந்து ஒரு தம்பி கேட்டது. ஜேக் நிக்லஸ் 1986-ல் 46 வயதில் மாஸ்டர்ஸ் ஜெயித்தார். ஜூலியஸ் போரோஸ் 1968-ல் 48 வயதில் பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப் ஜெயித்தார். ஃபில் மிக்கல்சன் 2021-ல் 51-ஐத் தொட ஒரு மாதம் இருக்கும்போது அதே பட்டத்தை ஜெயித்தார். சாம் ஸ்னீட் 1965-ல் 52 வயதில் ஒரு டூர் போட்டி ஜெயித்தார். ஆக, 50 வயதில் ஜெயிக்க முடியும் என்பதில் சந்தேகமே இல்லை.

ஆனால் அதற்குப் பிறகு என்ன ஆனது என்று பாருங்கள். நிக்லஸுக்கு அந்த 1986 மாஸ்டர்ஸ்தான் கடைசி பி.ஜி.ஏ. டூர் பட்டம். மிக்கல்சனுக்கும் அதன்பின் மேஜர் இல்லை. அணையப் போகும் லாந்தர் ஒருமுறை குப்பென்று எரியும், அவ்வளவுதான். இவர்கள் யாருக்கும் ஏழு முறை முதுகைத் திறக்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பென் ஹோகன்னு ஒருத்தரு பஸ் மோதி நொறுங்கிப் போயி, வந்து ஜெயிச்சாராமே?

டைகரின் பழைய ஆதிக்கம் இனி திரும்பாது என்ற என் வாதத்தை உடைக்கக்கூடிய ஒரே ஆள் இவர்தான், அதனால் ஒளிக்காமல் சொல்கிறேன். 1949 பிப்ரவரியில் ஹோகனின் கார் மீது பஸ் நேருக்கு நேர் மோதியது. இடுப்பெலும்பு, காறை எலும்பு, கணுக்கால் எல்லாம் உடைந்தன. 16 மாதம் கழித்து யு.எஸ். ஓப்பன் ஜெயித்தார். அவருடைய 9 மேஜரில் 6 விபத்துக்குப் பிறகு வந்தவை. 1953-ல் ஆடியதே ஆறு போட்டி, ஐந்தில் வெற்றி, அதில் மூன்று மேஜர். காலில் கட்டுப் போட்டுக்கொண்டு செய்தார். அது ஆதிக்கம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

வித்தியாசம் ஒன்று வயது. விபத்தின்போது ஹோகனுக்கு 36, டைகருக்கு 45. இன்னொன்று, டைகருக்கு விபத்துக்கு முன்பே முதுகில் மட்டும் ஐந்து ஆபரேஷன் ஆகியிருந்தது. 2021 கடைசியில் டைகரே ஹோகன் பெயரைச் சொல்லித்தான் பேசினார். இனி முழுநேரமாக டூரில் ஆடப்போவதில்லை, ஹோகன் மாதிரி வருஷத்துக்குச் சிலவற்றைப் பொறுக்கி ஆடுவேன் என்றார். நாம் ஜெட்டியில் உட்கார்ந்து அடித்துக்கொள்கிற கேள்விக்கு அவர் அன்றைக்கே பதில் சொல்லிவிட்டார்.

59 வயசுக் கிழவரு ஒருத்தரு கிட்டத்தட்ட ஜெயிச்சாருன்னு சொன்னீங்களே, யாரு அது?

டாம் வாட்சன், 2009 பிரிட்டிஷ் ஓப்பன், ஸ்காட்லாந்தில் டர்ன்பெரி மைதானம். எனக்கு ரொம்பப் பிடித்த ஆட்டம். ஒன்பது மாதத்துக்கு முன்புதான் இடுப்பு மூட்டு மாற்றியிருந்தார். கடைசிக் குழியை நிர்ணயித்த அடியில் முடித்திருந்தால் உலகத்திலேயே வயதான மேஜர் சாம்பியன் அவர். நன்றாக அடித்த பந்துதான், புல்வெளியில் விழுந்து நிற்காமல் பின்னால் ஓடிவிட்டது. ஒரு அடி கூடிப்போய், அதன்பின் நடந்த நாலு குழிப் போட்டியில் ஸ்டூவர்ட் சிங்க் என்பவரிடம் தோற்றார். அப்போது நாங்கள் கேம்ப் அறையில் எட்டுப் பேர், ஒருவரும் பேசவில்லை.

59 வயதில் அவரால் அது எப்படி முடிந்தது என்றால், அந்த மைதானம் கடலோர மணல்மேட்டில் இருக்கிறது. உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவே கடற்கரை ஓரம் இருக்குமே, பனையையும் உடைமரத்தையும் எடுத்துவிட்டுப் புல்லை மட்டும் விட்டால் எப்படி இருக்கும், அந்த மாதிரி நிலம். அங்கே உயரமாக அடித்தால் காற்று தூக்கிக்கொண்டு போய்விடும். தாழ்வாக அடித்து உருட்டத் தெரிந்தவன் பிழைப்பான். பலத்தைவிடக் காற்றைப் படிக்கிற கண் முக்கியம். வாடை எப்போது திரும்பும், கொண்டல் எப்போது விழும் என்று நம் ஊரில் எந்த வயது ஆளிடம் போய்க் கேட்பீர்கள்? மிக்கல்சன் 50 வயதில் ஜெயித்த கியாவா தீவும் கடலோரம்தான், காற்று வீசும் இடம்தான்.

வயசானா முதல்ல எது போகும்? தூரமா, கண்ணா, கையா?

பலரும் தூரம் என்பார்கள். 1997-ல் டைகர் சராசரியாக 294 கஜம் அடித்தார். 300-ஐத் தாண்டியவர் ஜான் டேலி ஒருவர்தான். இன்றைக்கு டூரில் சராசரி ஆட்களே 300-ஐ ஒட்டி அடிக்கிறார்கள். அவரிடம் தனியாக இருந்த ஆயுதம் எல்லார் கையிலும் வந்துவிட்டது. ஆனால் அதனால் அவர் ஒழிந்தார் என்று நான் நினைக்கவில்லை. விபத்துக்குப் பிறகும் அவர் தூரம் பெரிதாகக் குறையவில்லை.

கை நடுக்கம் இன்னொன்று. கொடிக்குப் பக்கத்தில் புல்லை மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு மழித்திருப்போம், கண்ணாடி மாதிரி. அதில் பந்தைத் தட்டி உருட்டுவதற்குப் பட்டிங் என்று பெயர். வயதானவர்களுக்கு இரண்டு கஜத் தூரத்தில்தான் கை உதறும். (அங்கே வளர்க்கிற பெர்முடா புல் வேறொன்றும் இல்லை, நம் அறுகம்புல் சாதிதான். பிள்ளையாருக்குச் சாத்துகிற புல்லுக்கு அங்கே தினம் இரண்டு முறை தண்ணீர், மாதம் இவ்வளவு உரம் என்று கணக்கு. நான் முதல் தடவை பார்த்தபோது சிரித்துவிட்டேன்.)

என் கணக்கில் முதலில் போவது பயிற்சி. எங்கள் தெருவில் ஒரு பெரியவர் சங்கு குளித்தவர். எழுபதை நெருங்கும்போதும் பந்தயம் கட்டினால் ஏழு பாகம் ஆழம் முங்கி மண்ணை அள்ளிக்கொண்டு வருவார். சின்னப் பையன்கள் வாயைப் பிளப்பார்கள். ஆனால் தொழிலுக்கு அவரை எந்தச் சம்மாட்டியும் (படகு முதலாளி) ஏற்ற மாட்டார். ஒரு முங்கு வரும், காலையில் இருந்து மதியம் வரை திரும்பத் திரும்ப முங்க முடியாது, மறுநாளும் அதையே செய்ய முடியாது. டைகரும் இன்றைக்கு ஒரு அடியை 2000-ல் அடித்த மாதிரியே அடித்துக் காட்டுவார். நாள் பூராவும் நூற்றுக்கணக்கில் அடித்துப் பழகித்தானே அந்த அடியை அவர் உருவாக்கினார், அதற்குத்தான் முதுகு இடம் தராது.

விஜய் சிங் நாற்பதுக்கு மேலதானே நம்பர் ஒன் ஆனாரு?

ஆமாம், ஃபிஜிக்காரர், நம் நாட்டு வம்சாவளி. 2004-ல் 9 போட்டி ஜெயித்து, 41 வயதில் டைகரையே இறக்கிவிட்டு முதலிடம் பிடித்தார். அவருடைய 34 டூர் பட்டத்தில் 22 நாற்பதுக்குப் பிறகு வந்தவை. அவர் பேர்போனதே பயிற்சிக்குத்தான், இருட்டும்வரை அடித்துக்கொண்டே இருப்பார். முந்தின பதிலோடு சேர்த்துப் படித்தால் அவர் எனக்குச் சாட்சிதான்.

முன்னாடி அவரைப் பார்த்தாலே மத்தவங்க நடுங்குவாங்களாம். அந்தப் பயம் திரும்ப வராதா?

வராது என்றே நினைக்கிறேன். அந்தப் பயத்துக்கு ஒரு கணக்கு இருந்தது. மூன்றாம் நாள் முடிவில் டைகர் முன்னணியில் இருந்தால் மேஜர் அவருக்கே, 14-க்கு 14. 2009 ஆகஸ்ட்டில் கொரியாவின் ஒய்.இ. யாங் கூடவே ஆடி அந்தக் கணக்கை உடைத்தார். அது குடும்பப் பிரச்சினை வெளியே வருவதற்கு முன்பு என்பதைக் கவனியுங்கள். மந்திரம் ஒருமுறை பலிக்காமல் போய்விட்டால் அப்புறம் யார் பயப்படுவார்?

இப்போது ஆடுகிற பையன்கள் அவரைப் பார்த்து வளர்ந்தவர்கள். ஸ்காட்டி ஷெஃப்லர் பிறந்தது 1996, டைகர் தொழில்முறை ஆட்டக்காரரான வருஷம். அவர்களுக்கு டைகர் மேல் மரியாதை உண்டு, பயம் இல்லை.

நடக்கத்தானே முடியல? வண்டியில போய் ஆடலாமே?

டூரில் நடக்க வேண்டும் என்பது விதி. உடல் குறையைக் காட்டி அனுமதி வாங்கலாம். கால் நோயோடு ஆடிய கேஸி மார்ட்டின் 2001-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய் அந்த உரிமையை வாங்கினார். ஜான் டேலி 2019 பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்பில் வண்டியில் போனார். அப்போது டைகரிடம் கேட்டதற்கு, நான் உடைந்த காலோடு நடந்து ஆடியவன் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். 2008 முட்டிக் கதையைத்தான் சொல்கிறார். அந்த ரோஷத்தைத் தாண்டி அவர் மேஜரில் வண்டி ஏறுவார் என்று எனக்குத் தோன்றவில்லை.

50 ஆனவங்களுக்குத் தனிப் போட்டி இருக்காமே? அங்க போயி அடிச்சு நொறுக்கலாமே?

இருக்கிறது. நம் பக்கம் மாட்டுவண்டிப் பந்தயத்தில் பெரிய மாடு, நடு மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரித்து ஓட்டுகிறோம் இல்லையா, அந்த மாதிரி 50 வயது தாண்டியவர்களுக்கு சாம்பியன்ஸ் டூர். பெரும்பாலும் மூன்று நாள் ஆட்டம், மைதானமும் கொஞ்சம் குட்டை, வண்டியும் எடுத்துக்கொள்ளலாம். ஜெர்மனியின் பெர்ன்ஹார்ட் லாங்கர் அங்கே 45-க்கும் மேல் பட்டம் வென்றவர். 2024 தொடக்கத்தில் அவருக்கும் குதிகால் தசைநார் அறுந்தது. அதே வருஷம் நவம்பரில் 67 வயதில் மறுபடி ஜெயித்தார்.

டைகருக்கு உடம்பு இடம் கொடுத்தால் அங்கே ஜெயிப்பார். ஆனால் நீங்கள் கேட்பது பழைய ராஜ்ஜியம். பூஞ்சிட்டில் முதல் பரிசு வாங்கியதைப் பெரிய மாட்டுக் கணக்கில் எழுதமாட்டோமே.

மாஸ்டர்ஸ் மட்டும் வருஷத்துக்கு ஒருதரம் ஆடினா? அந்த மைதானம் அவருக்கு அத்துபடியாச்சே

முன்னாள் சாம்பியன் என்பதால் அங்கே அவருக்கு ஆயுளுக்கும் அழைப்பு உண்டு. 2022-ல் விபத்து நடந்து 14 மாதத்தில் வந்து கட்டைத் தாண்டி 47-வது வந்தார். 2024-ல் தொடர்ச்சியாக 24-வது முறை கட்டைத் தாண்டிச் சாதனை. அனுபவம் எவ்வளவு தூரம் இழுக்கும் என்பதற்கு இது போதும்.

எவ்வளவு தூரத்துக்கு மேல் இழுக்காது என்பதும் அதே வாரத்தில் தெரிந்தது. மழையால் முதல் நாள் ஆட்டம் தள்ளிப்போக, இரண்டாம் நாள் 23 குழி ஆட வேண்டி வந்தது. ஆடினார், நின்றார். மூன்றாம் நாள் 82 அடி. மேஜரில் அவர் எடுத்ததிலேயே மோசமான ஸ்கோர். கடைசியில் 60-வது, கட்டைத் தாண்டியவர்களில் கடைசி ஆள். பெரியவர் ஒரு முங்கு முங்குவார் என்றேனே, மூன்றாம் நாள்தான் கணக்குத் தீர்ந்தது.

ஸ்னீட் சாதனையும் 82-தான். 83 ஆவது வராதா காக்கா?

82-வது 2019 அக்டோபரில் ஜப்பானில் வந்தது. 83-க்குத் தேவை ஒரு நல்ல வாரம். காற்று வீசும் மைதானம், இதமான வெயில், மழையால் ஆட்டம் தள்ளிப்போகாத நான்கு நாள், முதுகு பிடிக்காத நான்கு காலை. எல்லாம் சேர்ந்து வந்தால் நடக்கலாம். ஜெட்டியில் பந்தயம் கட்டச் சொன்னால் கட்டமாட்டேன், ஆனால் நடந்தால் ஊருக்கே பிரியாணி போடுவேன். நிக்லஸின் 18 மேஜர்? அதைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள், இன்னும் மூன்று வேண்டும்.

ஜெயிக்க மாட்டாருன்னா எதுக்கு இன்னும் வர்றாரு? மரியாதையா ஒதுங்கலாமே

இது கொஞ்சம் கோபம் வரவைக்கிற கேள்வி. கடலுக்குப் போக முடியாத வயதிலும் விடியற்காலை கரைக்கு வந்து வலை பின்னுகிறவர்களிடம் போய் இதைக் கேட்டுப் பாருங்கள்.

மாஸ்டர்ஸ் நம்ம நேரத்துக்கு எப்ப பார்க்கலாம்?

ஏப்ரல் மாதம், வியாழன் முதல் ஞாயிறு வரை. அமெரிக்காவில் சாயங்காலம் என்றால் நமக்கு விடியற்காலை. கடைசி நாள் ஆட்டம் திங்கள்கிழமை 4.30 வாக்கில் முடியும், அப்படியே எழுந்து சுபுஹுத் தொழுகைக்குப் போய்விடலாம். 2019-ல் மட்டும் இடிமழை வரும் என்று சீக்கிரமே ஆரம்பித்ததால் நமக்கு நள்ளிரவிலேயே முடிந்தது. டைகர் ஆடுகிறார் என்றால் ஞாயிறுவரை காத்திருக்க வேண்டாம். வெள்ளிக்கிழமை ராத்திரி முழித்திருங்கள், கட் அன்றைக்குத்தான்.